அய்யா வழி வீட்டில் டி.வி. இருக்கலாமா?

அய்யா துணை



நிழல் தாங்கல்களில் சாயங்காலப் பணிவிடை முடிந்து பெரியவர்கள் திண்ணையில் உட்காரும்போது ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "உகப்படிப்புக்குப் பிள்ளைகள் வருவதே இல்லை. எல்லாம் டி.வி. செய்த வேலை. அய்யாவைக் கும்பிடுகிற வீட்டில் அந்தப் பெட்டி இருக்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். "காலம் மாறிப்போச்சு. உலக நடப்புத் தெரியாமல் பிள்ளைகளை வளர்க்க முடியுமா?" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டிலும் நியாயம் இருப்பதால் பேச்சு முடிவில்லாமல் நின்றுவிடும். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்ட அவதாரமாக அய்யா எழுந்தருளினார். அந்தக் காலத்தில் டி.வி. இல்லை. ஆகவே "டி.வி. வைக்காதே" என்று அய்யா சொன்னார் என்றோ, "வைத்துக்கொள்" என்று சொன்னார் என்றோ யாரும் சாதிக்க முடியாது. அய்யா தம் மக்களிடமிருந்து எவற்றை எடுத்துப் போட்டார், எவற்றைக் கொடுத்தார் என்று பார்த்தால் விடை தானாகத் தெரியும்.

அய்யா எடுத்துப் போட்டவை பேய்ப் பயம், உயிர்ப்பலி, மந்திரவாதம், தாயத்து, ஏவல், ஒருவனை ஒருவன் தாழ்த்தும் வழக்கம். அய்யா கொடுத்தவை நெற்றியில் திருநாமம், தலையில் தலைப்பாகை, எல்லோரும் நீர் எடுக்க முத்திரிக்கிணறு, எல்லோரும் ஒன்றாக உண்ணும் அன்னம், நாள்தோறும் படிப்பு, பள்ளியறையில் கண்ணாடி. வீட்டுக்குள் வருகிற எந்தப் பொருளையும் இந்த இரண்டு வரிசையோடு ஒத்துப் பார்க்கலாம். அய்யா எடுத்துப் போட்டதைத் திரும்பக் கொண்டுவருகிறதா? அய்யா கொடுத்ததைப் பறிக்கிறதா? டி.வி.யிடமும் இதையே கேட்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். தென்னந்தோப்புக்கு நடுவே சிறிய வீடு. தாத்தா தாங்கலில் திருஏடு வாசித்தவர். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டே அகிலத்தின் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். வாசிப்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் பெண்கள் வரிசையிலிருந்து பாட்டி எடுத்துக்கொடுப்பார்.

1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் இராமாயணத் தொடர் வந்தபோது அந்த ஊரில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. ஊரே அந்த வீட்டு முற்றத்தில் கூடியது. பார்த்து முடித்து வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினார்கள். 2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு ஒன்று வந்தது. முற்றத்துக் கூட்டம் போயிற்று. அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி.

அந்த வீட்டுக்கும் பெட்டி வந்தது. எங்கே வைப்பது? முன் அறையில் கரண்ட் பிளக் இருந்தது ஒரே மூலையில். அந்த மூலையில்தான் அய்யாவின் விளக்கு இருந்தது. விளக்கை அடுக்களைப் பக்கம் நகர்த்தினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வயர் எட்டவில்லை, அவ்வளவுதான். கலி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். வாளும் வேலும் ஏந்தி வராது. வசதிக்காக ஒரு சிறிய பொருளை நகர்த்தச் சொல்லி வரும்.

தாத்தா காலமானார். இலவசப் பெட்டி போய்ப் பெரிய பெட்டி வந்தது. மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை தொடர்கள். மருமகளைக் கெடுக்க மாமியார் சதி செய்வாள். மாமியாரைப் பழிவாங்க மருமகள் காத்திருப்பாள். ஒரு தொடரில் பேய் வரும், மண்டை ஓடு வரும், மந்திரவாதி வருவான். நடுநடுவே பணம் சேர யந்திரம், கண்ணேறு கழியக் கயிறு என்று விளம்பரம்.

அந்த வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி. அவள் இரவில் அலறி எழுந்தாள். தனியாகக் கொல்லைப்பக்கம் போக மறுத்தாள். காய்ச்சலும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "எங்கியோ பயந்திருக்கா. ஒருத்தர் கயிறு மந்திரிச்சுக் கொடுப்பாரு, கூட்டிட்டுப் போ" என்றாள். தாயும் புறப்பட்டாள். வாசலில் பாட்டி மறித்தார்.

"அய்யா எரிச்ச பேயை, ரிமோட்ட அமுக்கி நீங்களே வீட்டுக்குள்ள விட்டுட்டு, இப்ப கயிறு கட்டவா போறிய மக்ளே?"

தாய்க்குப் பதில் வரவில்லை. பேய்களின் வலிமையை அய்யா அழித்ததை அகிலம் எவ்வளவு விரிவாகச் சொல்கிறது! இருட்டில் நடக்கவே நடுங்கிய மக்கள், சுடலைக்கும் பேய்க்கும் ஆடும் கோழியும் வெட்டிக் கொடுத்துக் கடன்பட்ட மக்கள், அந்தப் பயத்திலிருந்து விடுபட்டதுதான் அய்யா வழி. பல தலைமுறைக்கு முன் போன பயம், மாதக் கட்டணம் கட்டித் திரும்ப வாங்கப்படுகிறது. வேடிக்கைதானே என்று பெரியவர்கள் பார்க்கிறார்கள். அருகில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது வேடிக்கை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒக்கிப் புயல் வந்தது. 2017 நவம்பர் 30. கார்த்திகை மாதம். மாவட்டம் முழுவதும் ரப்பரும் வாழையும் தென்னையும் விழுந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கடலோர ஊர்களில் மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பாமல் குடும்பங்கள் கதறின. அந்தத் துயரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கும்.

கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் பாட்டி அய்யாவின் விளக்கைப் பழைய இடத்தில் ஏற்றிவைத்தார். மழைக்கு ஒடுங்கிக் குடும்பம் அதைச் சுற்றி உட்கார்ந்தது. பிள்ளை பாட்டியின் மடியில் ஒண்டிக்கொண்டு, "பாட்டி, பேய் எப்படி எரிஞ்சுது?" என்று கேட்டாள். பாட்டி சொல்லத் தொடங்கினார். குறோணியை ஆறு துண்டாக வெட்டியது முதல், யுகந்தோறும் ஒரு துண்டு எப்படிப் பிறந்தது, கடைசியில் கலியன் எப்படி வந்தான், அய்யா ஏன் பண்டாரமாக வந்தார் என்று ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பிள்ளை குறுக்கே கேள்வி கேட்டாள். மகன் தன் தகப்பனார் இந்த இடத்தை எப்படி இராகம் போட்டு வாசிப்பார் என்று நினைவு கூர்ந்தார். மருமகள், "இதெல்லாம் இத்தனை நாள் எங்ககிட்டச் சொல்லலியே அத்தை" என்றாள். பாட்டி, "நீங்க கேக்கலியே மக்ளே" என்றார். மூன்றாம் இரவு பிள்ளை அலறாமல் தூங்கினாள்.

இங்கே ஒரு பெரிய உண்மை இருக்கிறது. கொல்லம் 1016 கார்த்திகை 27-ல் அகிலத்திரட்டு ஏடாக எழுந்தது. அச்சில் வந்தது 1939-ல்தான். இடைப்பட்ட சுமார் 100 ஆண்டுகள் அது ஓலையிலும் மக்களின் காதிலும் வாழ்ந்தது. எழுத்தறியாத தாய்மார்கள் கேட்டுக் கேட்டே அதைக் காத்தார்கள். அந்த அகிலமும் எப்படி அமைந்திருக்கிறது? நாராயணர் சொல்ல, அன்னை மகாலட்சுமி கேட்பதாக அமைந்திருக்கிறது. கணவன் சொல்கிறார், மனைவி கேட்கிறார். ஒரு வீட்டுக்குள் நடக்கும் பேச்சே வேதமாக வந்திருக்கிறது. உகப்படிப்பிலும் ஒருவர் முன்சொல்ல மற்றவர் பின்சொல்கிறார்கள். சொல்வதும் கேட்பதும் திரும்பச் சொல்வதும் சேர்ந்ததுதான் அய்யா வழி. டி.வி. சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்டால் பதில் சொல்லாது. அது ஓடும் வீட்டில் அருகருகே இருப்பவர்களும் பேசிக்கொள்வதில்லை. பாட்டியின் நெஞ்சில் இருக்கும் அகிலம் கேட்பாரின்றிப் பாட்டியோடு போய்விடும். போனால் எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

கரண்ட் வந்தது. அன்று இரவு மகன் கோபத்தில் பெட்டியைத் தூக்கி வெளியே எறியப் போனார். பாட்டி தடுத்தார். "பெட்டி என்னடே செய்யும்? புயல் வருதுன்னு சொன்னதும் அதுதான். கடலுக்குப் போனவங்க கரை சேர்ந்தாங்களான்னு தவிச்சிட்டிருக்க சனங்களுக்கு நாலு சேதி சொல்றதும் அதுதான். இடம் மாத்தி வை, நேரம் மாத்தி வை" என்றார்.

அப்படியே செய்தார்கள். விளக்கு அதன் மூலையிலேயே நின்றது. எலெக்ட்ரீசியனை அழைத்து எதிர்ச் சுவரில் பிளக் போட்டார்கள். விளக்கேற்றும் நேரம் முதல் சாப்பாடு முடியும்வரை பெட்டி ஓடாது என்று முடிவு செய்தார்கள். உடனே எல்லாம் இனித்துவிடவில்லை. மருமகளுக்குத் தான் பார்த்துவந்த தொடர் விட்டுப்போன வருத்தம் இருந்தது. மகன் கிரிக்கெட் நாளில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். பிள்ளையும் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பாட்டி யாரையும் திட்டவில்லை. விளக்கை ஏற்றினார், உட்கார்ந்தார், சொல்லத் தொடங்கினார். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த கார்த்திகையில் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தபோது, அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தி ஒரு பகுதி வாசித்தாள். ஒரு சொல்லில் தடுக்கினாள். பெண்கள் வரிசையிலிருந்து பாட்டியின் குரல் எடுத்துக்கொடுத்தது.

அன்பு மக்களே, பள்ளியறைக் கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். இருபுறமும் விளக்கு எரிய, நடுவே கண்ணாடி. தலைப்பாகையோடு முன்னால் நிற்பவனுக்கு அதில் தெரிவது அவனுடைய முகமே. தலையில் துணி கட்டக் கூடாது, தோளில் சீலை போடக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களிடம், உன் முகத்துக்குள்ளேயே இறைவன் இருக்கிறான் என்று அய்யா காட்டினார். டி.வி.யும் ஒரு கண்ணாடிதான். அது என்ன சொல்கிறது? உன் நிறம் போதாது, இந்தக் களிம்பைப் பூசு. உன் நகை போதாது, இந்தக் கடைக்கு வா. உன் வீடு போதாது, உன் முடி போதாது. முதல் கண்ணாடி முன் நின்றவன் நிமிர்ந்து போகிறான். இரண்டாவதன் முன் இருந்தவள் தன்னைத் தாழ்வாக எண்ணி எழுந்து போகிறாள். கறுத்த நிறத்துக்காகக் கண்ணாடி முன் அழும் பெண்பிள்ளை அய்யா வழி வீட்டில் இருக்கலாமா?

தர்மத்தையும் எண்ணிப் பாருங்கள். எளியவர்களைத் தாங்குவதே அய்யா சொன்ன தர்மம். தொடரில் வரும் பெண் துன்பப்பட்டால் கண்ணீர் வடிகிறது. அடுத்த வீட்டில் அடுப்பெரியாததும், தெருக்கோடியில் கிழவர் மருந்துக்கு ஆளில்லாமல் கிடப்பதும் தெரியாமல் போகிறது. இரக்கம் அய்யா கொடுத்த செல்வம். அதைத் திரையில் கொட்டிவிட்டால் தெருவுக்கு மிச்சம் இருக்காது.

அதனால் பெட்டியைப் பாவம் என்று ஒதுக்கவும் வேண்டாம். நோயில் கிடக்கும் முதியவர் பதியின் திருவிழாக் காட்சியை அதில் பார்த்துக் கைகூப்புகிறார். மழை, புயல் எச்சரிக்கை அதில் வருகிறது. பிள்ளைகளுக்கு அறிவு தரும் நிகழ்ச்சிகளும் உண்டு. துவையல் தவசுக்கு வாகைப்பதிக்குப் போன 700 குடும்பங்களும் உலகத்தை வெறுத்துப் போகவில்லை. கடலில் நீராடி, துணி துவைத்து, ஒருவேளை உண்டு, தங்களை ஒழுங்கில் நிறுத்தப் பழகினார்கள். உடலுக்கும் உடைக்கும் அன்று செய்த துவையலை இன்று கண்ணுக்கும் காதுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒவ்வொரு வீடும் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். அய்யாவின் விளக்கு இருக்கும் மூலையை வேறு எந்தப் பொருளுக்கும் கொடுக்க வேண்டாம். காலை, மாலைப் படிப்பு நேரத்தில் பெட்டி அணைந்திருக்கட்டும். செல்போனுக்கும் இதுவே சட்டம். சோற்றின் முன் உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்ணுங்கள். பேயும் மாந்திரீகமும் வரும் தொடர்களைப் பெரியவர்களே முதலில் விடுங்கள். பெரியவர் விடாததைப் பிள்ளை விடாது. பிள்ளைகள் பார்க்கும்போது அருகில் இருந்து, பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள். நாளுக்குப் பத்து வரியாவது அகிலத்தை வாய்விட்டு வாசியுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்க, கேட்டறிந்த பாட்டி திருத்தட்டும்.

இன்று மாலை விளக்கேற்றும்போது வீட்டில் மூத்தவர் யார் என்று பாருங்கள். அவரருகே உட்கார்ந்து, "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் வெகுநாளாகக் காத்திருக்கிறார்.

எல்லோர் வீட்டிலும் அய்யாவின் ஒளி நிலைக்கட்டும். தர்மம் தழைக்கட்டும்.

அய்யா உண்டு.