ஆவுரிஞ்சு தறியும் அழைத்தால் வரும் வண்டியும்

தமிழ் மரபு முப்பத்திரண்டு என எண்ணிவைத்த அறங்களுள் தண்ணீர்ப்பந்தலும் மடமும் சோலையும் இருப்பதில் வியப்பில்லை. ஆவுரிஞ்சு தறி, அதாவது தினவெடுத்த மாடு உடலை உராய்ந்துகொள்வதற்காக நடப்படும் தூண், அவற்றுக்கு நிகரான அறமாக வைக்கப்பட்டிருப்பதுதான் சிந்தனைக்குரியது. மாட்டுக்குக் கேட்கவும் தெரியாது, நட்டவருக்கு நன்றி சொல்லவும் தெரியாது. கேட்பவருக்குக் கொடுப்பது ஈகை என்றால், கேட்கும் வாயே இல்லாத உயிருக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பது அதனினும் வேறான கடமை என்று இப்பட்டியலை வகுத்தோர் கருதியிருக்க வேண்டும். அழைத்தவரிடம் மட்டும் வரும் வண்டியும் எவரும் அழைக்காமலே வரும் பேருந்தும் அறத்தின் முன் ஒன்றாகுமா என்று வினவுவோருக்கு இத்தறி நல்ல அளவுகோல்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வாடகைப் பயணத்தை இரண்டாகப் பிரிக்கிறது: முழு வண்டியையும் பேசி அமர்த்திக்கொண்டு, பேச்சில் சேராத எவரையும் இடைவழியில் ஏற்றாமல் செல்வது ஒப்பந்த ஊர்தி, ஆளுக்குத் தனித்தனிக் கட்டணம் பெற்று நிறுத்தந்தோறும் ஏற்றி இறக்குவது தடப்பேருந்து வகை. தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஓடும் ஷேர் ஆட்டோவும் ஜீப்பும் இவ்விரண்டுக்கும் நடுவே, சட்டம் கண்டும் காணாமலும் விட்ட இடத்தில், பிழைத்து வருகின்றன. ஆள் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பார்கள் என்பதால், முதலில் ஏறி அமர்ந்தவரின் பயணம் இன்னும் வந்து சேராத, முகம் அறியாத ஒருவரை நம்பி நிற்கிறது. இதனைக் கூட்டுறவு என்று போற்றத் தோன்றும். ஆனால் அந்த இன்னொருவர் அங்கே எதிர்பார்க்கப்படுவது ஒரு மனிதராக அன்று, நிரம்பவேண்டிய ஓர் இருக்கையாகவே.

அழைப்பு என்னும் சொல்லையும் சற்று உற்றுநோக்க வேண்டும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டி வீட்டுத் தெருவுக்கே வருகிறது. தேவைக்கேற்பக் கிடைக்கும் பயணம் என்று நகரத்துச் செயலிகள் பெருமையாகச் சொல்லும் வசதி இவர்களுக்கு முன்பே வாய்த்திருப்பதாகக் கொள்ளலாம். ஆயினும் அந்தத் தேவை தோட்டத்தினுடையது, பெண்ணுடையது அன்று. காய் எடுக்கும் பருவத்தில் ஆள் திணிக்கப்பட்டு மலையேறும் அதே ஜீப், வேலை இல்லாத நாளில், அவளுக்கு மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தாலும் அத்தெருவுக்கு வராது.

பேருந்து அப்படி ஆள் பார்ப்பதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கையில், எதற்காகப் போகிறாய் என்று நடத்துநர் கேட்பதில்லை. நண்பகலில் நான்கே பேருடன் ஓடும் பேருந்தைக் கணக்காளர் நட்டமென்று எழுதலாம், ஆனால் மாடு வராத வேளையில் தறி வீணாக நிற்கிறது என்று அதை நட்டவர் எவரும் சொல்லியிருக்கமாட்டார். அதற்காக அரசின் ஏற்பாடெல்லாம் அறமென்று கொண்டுவிடவும் இயலாது: மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டபின், தேனிக்கு ரயில் மீண்டது 2022 மே மாதத்தில், போடிக்கு 2023 ஜூனில். தறியைப் பிடுங்கியவர்கள் அதை மறுபடி நடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அழைப்புக்குச் செவிகொடுக்கும் வண்டியைப் பொதுவாக்கிப் பார்த்த ஊர்களும் உண்டு. ஹெல்சிங்கியில் 2012இல் தொடங்கப்பட்ட குட்சுபிளஸ் சிற்றுந்துச் சேவை, செலவு தாளாமல் 2015 முடிவில் நின்றது.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், தமிழக–கேரள எல்லை மலைமேல், ஆண்டுக்கொரு முறை சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் அடியார்க்குத் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுவோரும் குமுளியிலிருந்து ஜீப்பில் செல்வோரும் உண்டு. அன்று மட்டும் இரு மாவட்ட நிர்வாகங்களும் கலந்து பேசி, ஜீப்புகளைச் சோதித்து அனுமதித்து, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணத்தையும் வரையறுக்கின்றன. வரிசையில் அடுத்து நிற்பவர் யாராயினும் அவருக்கே அடுத்த இருக்கை. மறுநாள் காலையில் ஜீப்புகள் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுகின்றன.