விலை கேட்கும் வாய்

தக்காளி கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடினால் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பவள் என் அக்கா. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மகளிர் நோய் நிபுணர் முன்னால் உட்கார்ந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபைப்ராய்டு கட்டி, எட்டு மாதமாக அதிக உதிரப்போக்கு. “கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா, பேக்கேஜ் வெளியில சொல்லுவாங்க” என்றார் மருத்துவர். ஆறு நிமிடம், 700 ரூபாய்.

வெளியில் மேசையில் இருந்த பெண், அத்தானைப் பார்த்து 95,000 என்றாள். அதில் என்னென்ன அடக்கம் என்று நான்தான் கேட்டேன். மருந்து தனி, பயாப்சி தனி, ரத்தம் ஏற்றினால் தனி. தனி அறை என்றால் 1,30,000. அறைக்கா இவ்வளவு வித்தியாசம்? இல்லையாம், அறை உயர்ந்தால் மருத்துவரின் கட்டணமும் உயருமாம். அதே கை, அதே கத்தி.

ஆட்டோவில் அக்கா கோபித்துக்கொண்டாள்: “உயிர் விஷயத்துல போய் பேரம் பேசுறியேடி.”

உயிருக்கு விலை பேசக்கூடாது என்பது உயர்ந்த பேச்சாகத்தான் தெரிகிறது. ஆனால் விலை ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது. பேசாதிருக்க வேண்டியவள் படுக்கப்போகிறவள் மட்டும்தான்.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமிரா கோலி வழக்கு நினைவுக்கு வருகிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியில் நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கி அகற்றப்பட்டன. அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள், மறுத்தால் என்னாகும், இவை அவளிடமே சொல்லப்பட வேண்டும். இந்தப் பட்டியலில் செலவு இல்லை. சேர்க்க வேண்டும் என்பேன். எத்தனை பவுன் அடகுக்குப் போகும் என்று தெரியாமல் கொடுக்கும் சம்மதம் எப்படி முழுமையாகும்? அந்தப் பவுனும் அவளுடையது.

விலை முடிவையும் வளைக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன்; அரசு மருத்துவமனைகளில் 36. வித்தியாசம் முழுவதும் பெண்களின் உடம்பிலிருந்தே வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா சிரித்தாள். “விலை தெரிஞ்சா முதல்ல என் வைத்தியத்தைத்தான்டி நிறுத்துவாங்க.” அத்தானுக்கு ஸ்டென்ட் வைத்தபோது அந்த வீட்டில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அது குடும்பச் செலவு. இவளுக்குச் செய்தால் ‘உனக்குச் செஞ்ச செலவு’, பத்து வருடம் சொல்லிக்காட்டப்படும். எண்ணை வாயால் சொல்லாதவரை கடன் தன் தலையில் ஏறாது என்று நினைத்திருக்கிறாள். அவள் மௌனத்தை அறியாமை என்று எண்ணியிருந்தேன், தப்பு.

அப்படியானால் விலையைச் சொல்வதா வேண்டாமா என்பதைவிட, யாரிடம், எந்த இடத்தில் என்பதே என் கேள்வி. மருத்துவரின் அறையில், அவளிடம், மாற்று வழிகளோடு. மாத்திரையில் கட்டுப்படுத்திப் பார்க்கலாம், கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைக்கலாம், கட்டியை மட்டும் எடுக்கலாம் என்பதை அந்த ஆறு நிமிடத்தில் யாரும் சொல்லவில்லை. எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்தாது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. அங்கே புறநோயாளிகளைப் பார்ப்பது காலையில். காலையில் அக்காவின் வீட்டில் மூன்று டிபன் டப்பாக்கள் நிரம்ப வேண்டும். தனியார் கிளினிக் மாலை ஆறு மணிக்குத் திறக்கிறது. நாம் கொடுக்கும் 700 ரூபாயில் பாதி அந்த மாலை நேரத்துக்குத்தான்.

ஒரு புதன்கிழமை டப்பாக்களை அத்தானிடம் விட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தன் முறை வந்ததும் அக்கா கேட்டாள்: “எடுக்காம இருந்தா என்ன ஆகும் டாக்டர்? எடுத்தா எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?” மருத்துவர் சொல்லச் சொல்ல, ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.