வீதி யாருக்கு உரியது?

திருவாரூர் வீதியில் ஓர் இளங்கன்று தேர்க்காலில் சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட்டு நீதி வழங்கினான். பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றை வகுப்பறையில் சொல்லும்போது, மன்னனின் நடுவுநிலைமையை வியந்து முடிப்பது வழக்கம். ஆயினும், கேட்கப்படாத வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. இளவரசன் வேண்டுமென்றே கன்றைக் கொன்றானல்லன். விரையும் தேரும் துள்ளி ஓடும் கன்றும் ஒரே வீதியில் தத்தம் போக்கில் விடப்பட்டிருந்தன. அங்ஙனமாயின், குற்றம் தேரோட்டியவனுடையது மட்டுந்தானா? வீதியை அமைத்தவர்க்கு அதில் பங்கில்லையா?

இவ்வினாவைச் செராஸ் வட்டாரத்தில் எழுப்பிப் பார்க்கலாம். ஒன்பதாம் கட்டை, பதினோராம் கட்டை என இங்கு வழங்கும் பெயர்கள், மைல்கல்லை எண்ணி வழிநடந்த காலத்தின் சுவடுகள். இன்றோ, அவ்வழியே நெடுஞ்சாலை ஓடுகிறது. 2017 ஜூலையில் சுங்கை பூலோ முதல் காஜாங் வரையிலான எம்.ஆர்.டி. தடம் முழுமை பெற்றது. தாமான் மிடா, தாமான் முத்தியாரா, தாமான் கொனாட் ஆகிய இடங்களில் நிலையங்கள் எழுந்தன. இணைப்புப் பேருந்துகளும் விடப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். எனினும், இரயிலில் செல்பவர் எவரும் வீட்டு வாயிலிலேயே ஏறுவதில்லை. நெடுஞ்சாலைக்கு அப்பால் வாழும் மூதாட்டி ஒருவருக்குக் கண்ணெதிரே தெரியும் நிலையமும் எட்டாக்கனியே. நடைமேம்பாலப் படிகளை அவருடைய முழங்கால்கள் ஏற்பதில்லை.

“வெயிலும் மழையும் மிகுந்த இந்நாட்டில் கார்தான் வசதி, வசதியை நாடுவது குற்றமா?” என்பர் சிலர். குற்றமன்று. ஆனால், வேறு வழி இருக்கும்போது விரும்பிக் கொள்வதே வசதி. வேறு வழியில்லாதபோது கொள்வது கட்டாயம். கடன்பட்டுக் கார் வாங்கும் தொழிலாளியின் செயலைச் செல்வத்தின் அடையாளம் என்பதா? நடக்க வழியின்மைக்கு அவர் செலுத்தும் தண்டம் என்பதா? மேலும், மாணவர், முதியோர், உடற்குறையுடையோர் ஆகியோர்க்கு அக்கட்டாய வழியும் கிடையாது. வலியவரின் விரைவுக்காக எளியவரின் நடை பறிக்கப்படுமாயின், அஃது அறமாகாது.

இவ்வுண்மையை முன்னோர் அறியாதவரல்லர். 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த இராஃபிள்ஸ், கடைவரிசை தோறும் கூரையுடன் கூடிய தொடர்நடைபாதை வேண்டுமென விதித்தார். மக்கள் வாய்மொழியில் ‘அஞ்சடி’யாக வாழும் அந்நடைபாதை, கோலாலம்பூரின் பழைய கடைவீதிகளிலும் வெயிலுக்கும் மழைக்கும் மறுமொழியாக நிற்கிறது. தமக்குரிய இடத்தில் ஐந்தடியை வழிப்போக்கருக்கு ஒவ்வொரு கடைக்காரரும் விட்டுக்கொடுப்பது என்பதே அதன் உட்பொருள். விட்டுக்கொடுத்தலின்றிப் பொதுவீதி இல்லை.

மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்தும் பிறவியிலேயே அவ்வாறு இருந்ததன்று. 1971-இல் அங்குச் சாலையில் மாண்ட சிறுவர் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். அதன்பின்னரே அந்நாடு தன் வீதிகளைத் திருத்தி அமைத்தது. கோலாலம்பூரிலும் 2018-இல் நீலவண்ணம் தீட்டிய மிதிவண்டித் தடம் நகர நடுவே திறக்கப்பட்டது. தடுப்பு இல்லாத இடங்களில் மோட்டார் வண்டிகளும் கார்களும் அதனுள் புகுந்தன. வண்ணம் மட்டுமே காப்பாகாது என்பது அதன் படிப்பினை.

செராஸ் மக்களுக்கு இதனைக் கற்பிக்க அயல்நாட்டுச் சான்று வேண்டுவதில்லை. புதன்கிழமை தோறும் மாலையில் தாமான் கொனாட் இரவுச் சந்தை கூடுகிறது. கார் ஓடிய சாலை அன்று கால்களுக்கு உரியதாகிறது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் குழந்தைகளைக் கைபிடித்து நடக்கின்றனர். சாலை பறிபோயிற்று என்று அப்போது எவரும் அழுவதில்லை. வாரத்தில் ஒருநாள் மாலை இயல்வது, பள்ளி வாயிலிலும் மருத்துவமனை வழியிலும் ஏன் இயலாது?

செய்ய வேண்டியவை பெரியவையல்ல. தொடர்ச்சியான நிழல்நடைபாதை, தரைமட்டத்தில் பாதுகாப்பாகக் கடக்கும் இடம், தடுப்புள்ள மிதிவண்டித் தடம், பெரும்பேருந்து நுழையாத சந்துகளுக்குச் சிறு வேன் ஆகியவையே அவை. செராஸின் ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பொறுப்பிலும், மறுபகுதி சிலாங்கூர் மாநில ஊராட்சிகளின் பொறுப்பிலும் உள்ளது. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கலாம். நடப்பவரின் காலடியில் இருத்தல் ஆகாது. திட்டம் தீட்டுவோர் அவ்வழியே ஒருமுறை நடந்து பார்த்தால், வரைபடம் காட்டாத இடர்களை அறிவர்.

2019-இல் மலேசியச் சாலைகளில் உயிரிழந்தோர் 6,000-க்கும் மேற்பட்டோர். விபத்துக்குப்பின் ஓட்டுநரைத் தண்டிப்பது நீதியின் ஒரு பாதி. கன்று மாளாதவாறு வீதியை அமைப்பது மறுபாதி. மனுநீதிச் சோழன் மணியோசை கேட்டபின் எழுந்தான். இன்றைய ஆட்சியும் குடிமக்களும் மணி ஒலிக்கும் முன்பே எழுதல் வேண்டும்.