கல்லில் இல்லாத பெயர்கள்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் கடந்து மேலே ஏறினால், பேச்சிப்பள்ளம் என்னுமிடத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமண உருவங்களைக் காணலாம். அவற்றின் கீழே வட்டெழுத்தில் சில வரிகள் உள்ளன. அவ்வுருவங்களைச் செய்வித்தவர் இன்னார் என்று அவை சொல்லுகின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன, அரசுகள் மாறின, அவ்வெழுத்தே வழக்கொழிந்தது. பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

ஒருவருடைய பெயரைக் கல்லில் எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? மலையடிவாரத்தில் இதை எண்ணியபோது, நம் நினைவு கடல் கடந்து தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சென்றது.

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் பணிந்தது; இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தது. 2025-இல் அதற்கு 80 ஆண்டுகள் நிறைந்தன. அந்தப் போரை மறக்கவே முடியாத சிற்றூர்களில் ஒன்று காஞ்சனபுரி. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-43-இல் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதை அவ்வழியே சென்றது. அதற்குச் 'சாவு இரயில் பாதை' என்று பெயர்.

அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதி வீரர்கள் உறங்குகின்றனர். புல்வெளி சீராக வெட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25-இல் மலர்வளையம் வைக்கிறார்கள். போர் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே ஒரு குழு பாதை நெடுகச் சென்று, கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் கண்டு குறித்து வைத்தது. அந்த உழைப்பை நாம் குறை கூறோம். அது மனிதப் பண்பு.

ஆனால் அப்பாதையில் மாண்ட கைதிகள் 12,000-க்குச் சற்று மேல்தான். மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 90,000 பேர் என்பர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர் ஆகியோருடன், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களும் அவர்களில் உண்டு. ஆசை வார்த்தை கூறிச் சிலரையும், பிடித்து இழுத்துப் பலரையும் கொண்டுபோனார்கள். 1943-இல் வாந்திபேதி கூட்டங்கூட்டமாக அவர்களை வாரிச் சென்றது. வீரனுக்குப் படைப் பட்டியல் இருந்தது. கூலிக்கு என்ன இருந்தது? 'சுமார்' என்ற ஒரு சொல் இருந்தது. கணக்கில் அந்தச் சொல் வருகிற இடத்தில்தான் பல்லாயிரம் மனிதர்கள் மறைந்து கிடக்கிறார்கள்.

'இறந்தவருக்குக் கல் எதற்கு? இறைவன் அறிவான், அது போதாதா?' என்று நம்மில் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். மண்ணறையை அலங்கரிப்பது நம் வழியன்று. இறைவன் அறிவான் என்பதில் நமக்கு ஐயமுமில்லை. ஆனால் அவன் அறிவான் என்பது நாம் மறப்பதற்கு அனுமதிச் சீட்டாகுமா? ஓர் ஊரில் அநாதையாக ஒருவர் இறந்தால், அவரை நீராட்டிக் கஃபனிட்டு ஜனாஸா தொழுது அடக்குவது அவ்வூராருக்குக் கடமை. ஒருவரும் செய்யாவிடில் குற்றம் எல்லோர் மேலும் விழும். இறந்தவர் இன்னார் என்று அறிய முயல்வதும் அக்கடமையை ஒட்டியதே என்று நாம் கருதுகிறோம். எண்ணப்படாமல் சாகவிடப்பட்டவர்களை, நினைவுநாளிலும் எண்ணாமல் விட்டால், அநீதி இரண்டாம் முறை நிறைவேறுகிறது. எண்ணாமல் கொல்லலாம் என்று கண்ட உலகம், மீண்டும் அப்படியே கொல்லத் துணியும்.

2023-இல் காஞ்சனபுரியின் பௌத்த ஆலயம் ஒன்றில், மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. போர் ஓய்ந்து 78 ஆண்டுகள் சென்ற பின் வந்த கல் அது. அதை நாட்டியவர்களைப் போற்றுகிறோம். கல் வந்துவிட்டது, பெயர்கள் இன்னும் வரவில்லை.

அப்பெயர்கள் எங்கே இருக்கின்றன? ஒருவேளை நம் வீடுகளில் இருக்கலாம். அக்கரைச் சீமைக்குச் சபர் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிப் பாட்டிமார் பெருமூச்சோடு சொன்னதுண்டு. பழைய பெட்டியில் மலாயாக் கடிதம் ஒன்று கிடந்ததுண்டு. அவர்கள் எல்லோரும் அப்பாதையில் மாண்டவர்கள் என்று சொல்ல முடியாது. எனினும் பெயர், ஊர், தந்தை பெயர், போன ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்போம். அதற்குச் சிற்பியும் வேண்டாம், மலையும் வேண்டாம். அறிந்த முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்; அவ்வளவே.