தானமும் நியாயமும்



பசித்தவனுக்குச் சோறிடுதல் நல்வினை; அதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பசித்திருப்பரேல், அது சோற்றின் குறையன்று, முறைமையின் பிழை. சங்கம் அமைத்து அறப்பணி புரியும் நாம் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

பகவன் புத்தர் மகத நாட்டில் கூடதந்தன் என்னும் பிராமணனுக்கு ஒரு பழங்கதை உரைத்தருளினார். மகாவிஜிதன் என்னும் அரசன் பெருவேள்வி செய்ய விரும்பினான். நாட்டிலோ கொள்ளை மலிந்திருந்தது. கொன்றும் சிறையிட்டும் அதனை ஒழித்தல் இயலாது, எஞ்சியோர் மீண்டும் தொல்லை தருவர் என்றார் அவனது புரோகிதர். உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், அரசுப் பணியாளனுக்கு உணவும் ஊதியமும் அளிக்குமாறு அறிவுறுத்தினார். அரசன் அவ்வாறே செய்தான். மக்கள் தத்தம் தொழிலில் முனைந்தனர். கதவு திறந்த இல்லங்களில் அச்சமின்றி வாழ்ந்தனர். துக்கத்தின் காரணத்தை நாடச் சொல்லும் இரண்டாம் வாய்மை, தனி மனிதனுக்கே போலச் சமுதாயத்திற்கும் பொருந்துவதன்றோ!

பாபாசாகேப் அம்பேத்கர் 1924-ல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தோற்றுவித்தார். அச்சபை மாணவர் விடுதியும் நடத்தியது, உரிமையும் கேட்டது. மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் ஆடுமாடுகள் நீர் பருகலாம். தீண்டாதார் எனப்பட்டோர் பருகலாகாது. இரக்கமுள்ள செல்வர் ஒருவர் அவர்கட்கென வேறு கிணறு தோண்டித் தந்திருப்பின் தாகம் தணிந்திருக்கும், இழிவோ நிலைத்திருக்கும். ஆதலின் 1927 மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் மக்களோடு சென்று அக்குளத்து நீரையே அருந்தினார். வழக்கு எழுந்தது. 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதி செய்தது.

நம் காலத்திலும் சான்றுண்டு. கோலார் தங்கவயலில் பிறந்த பெசவாடா வில்சன் முதலியோர் நிறுவிய சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன், கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக 2003-ல் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 10 லட்சம் ரூபாய் அளிக்குமாறு 2014-ல் தீர்ப்பு வந்தது. 2023-ல் வேறொரு வழக்கில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. எனினும் குழிகளில் சாவு இன்னும் ஓய்ந்திலது. தீர்ப்பைப் பெறுதல் பாதி வேலை. அதனை ஊரில் நடைமுறைப்படுத்துதலே மறுபாதி.

அம்மறுபாதி நம்மைப் போன்ற சிறு சங்கங்களின் கடமை. வைசாகப் பௌர்ணமியில் ஆடையும் ஏடும் வழங்குவோம், அத்துடன் அமைந்துவிடலாகாது. உதவித்தொகை வராத மாணவனுக்காக மனு எழுதுவோம். கூலி குறைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளியுடன் அலுவலகம் செல்வோம். சட்டம் தரும் உரிமையைக் கைம்பெண்ணுக்கு விளங்க உரைப்போம். அவர்களை உதவி பெறுவோராகவே வைத்திராது, சங்கத்தை நடத்துவோராக ஆக்குவோம்.

கொடுப்போன் என்றும் கொடுப்போனாகவும் ஏற்போன் என்றும் ஏற்போனாகவும் இருப்பது சமத்துவமன்று. ஏற்பவரே இல்லாத நாளை நோக்கிக் கொடுப்பதுதான் தம்மத்தின் தானம். அத்தானத்தை இன்றே தொடங்குவோமாக!