முரட்டுக் கம்பளி

தக்காணத்து ஆட்டின் மயிர் முரடு. மெரினோ ஆட்டு இழையின் தடிமன் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். தக்காண மயிர் 30ஐத் தாண்டும். எங்கள் துணியைக் கழுத்தில் போட்டுப் பார்க்கிறவர்கள் "குத்துதே" என்கிறார்கள். குத்தத்தான் செய்யும். வெயிலில் நடந்து, இரவில் யாரோ ஒருவர் வயலில் கிடை கிடக்கிற ஆட்டின் மேல் வளர்ந்தது. சட்டைக்கு மேல் போடும் கோட்டுக்கும், தரையில் விரிக்கவும், மழைக்குக் கொங்காணி போட்டுக்கொள்ளவும் இதைவிட நல்ல மயிர் இல்லை. அவற்றை மட்டும் செய்கிறோம்.

*

மெரினோவின் மென்மையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஆஸ்திரேலியக் குட்டிகள் நினைவுக்கு வருகின்றன. ஈ முட்டையிட்டுப் புழு வைக்காமலிருக்க, அங்கே பல பண்ணைகளில் குட்டியின் பின்புறத்து மடிப்புத் தோலை அறுத்தெடுக்கிறார்கள். நியூசிலாந்து 2018இல் இதைத் தடை செய்தது. தக்காண ஆட்டுக்கு அந்த மடிப்பு இல்லை. கத்திக்கும் வேலையில்லை.

*

சித்ரதுர்கா பக்கத்தில் ஆடு மேய்க்கும் குருபர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மயிர் வெட்டுகிறார்கள். குட்டியின் முதல் வெட்டுதான் மிக மிருது. வயது ஏற ஏறக் கறுப்பில் பழுப்பும் நரையும் சேரும். நாங்கள் சாயம் போடுவதில்லை என்பதால் நிறம் பிரிக்கிற வேலை பெரிது. அம்மா அதை வேறு யாரிடமும் விடமாட்டார். பகல் வெளிச்சத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்துதான் பிரிப்பார்.

*

இன்று மயிர் விற்ற காசு பல இடங்களில் வெட்டுகிறவர் கூலிக்கே போதவில்லை. வெட்டியதை வேலியோரம் கொட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். ராணுவத்துக்கு முரட்டுக் கம்பளி வாங்கிய காலம் போயிற்று. பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கிப் பானிபட்டில் செய்யும் போர்வை மலிவாகக் கிடைக்கிறது. கறி விலை ஏறியதும், மயிரில்லாத கறியாட்டுக் கிடாயைச் சேர்த்து மந்தையையே மாற்றிக்கொண்டவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மயிருக்கு விலை கொடுக்காத நாம், கறுப்பு ஆடு குறைகிறதே என்று வருந்துவது நியாயமா?

எங்கள் கணக்கு அந்த வெட்டுக்கூலியில் தொடங்குகிறது. அதைக் கழித்த பிறகும் ஆட்டுக்காரர் கையில் காசு நிற்க வேண்டும். அப்புறம் நூற்பு, நெசவு, தையல். கோட்டின் விலை கடைசியில்தான் தெரியும். கடையில் எவ்வளவுக்குப் போகும் என்று முதலில் பார்த்து, அங்கிருந்து இறங்கி வந்தால், இடிக்கிற இடம் எப்போதும் நூற்கிற பெண்ணின் கூலிதான்.

*

பாவுக்குக் கஞ்சி புளியங்கொட்டையில். வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுகிறோம். கையால் நூற்ற முரட்டு நூல் ஒன்றோடொன்று சிக்காமல் குழித்தறியில் ஓட இது வேண்டும். பாவு விரித்த அன்று வானம் மூடினால் வேலை நிற்கும். வீட்டில் யாரும் அலுத்துக்கொள்வதில்லை. அந்த நாளில் கணக்கு எழுதுகிறோம்.

*

பெங்களூரிலிருந்து ஒரு வியாபாரி பெரிய ஆர்டரோடு வந்தார். எங்களிடம் அவ்வளவு நூல் இல்லை. "பாதிக்கு மில் நூல் கலங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். தம்பி யோசித்தான், அவனுக்குத் தறிக்கொட்டகைக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. அம்மா மயிரிலிருந்து கண்ணெடுக்காமல், "இருக்கறதுக்கு நெய்ங்கடா. மீதிக்கு அவரு அடுத்த வெட்டு வரைக்கும் பொறுக்கட்டும்" என்றார். அவர் பொறுக்கவில்லை. கூரை இன்னும் பழையதுதான். ஆனால் இந்தத் தொழில் எவ்வளவு வளரலாம் என்பதை ஆடு முடிவு செய்வதில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது.

*

துணியோடு தைக்கிற சீட்டில் மயிர் எந்த ஊர், யார் நெய்தது என்று எழுதுகிறோம். நூற்றவருக்குக் கொடுத்த கூலியையும் போடலாம் என்கிறாள் மனைவி. போட்டால், நாலு பேர் படிக்கும்படியான தொகையாக அது இருக்க வேண்டும். அடுத்த வெட்டுக்கு முன் கூலியைக் கூட்டிவிட்டுச் சீட்டை அச்சுக்குக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.