ஜெயித்தால் சரியாகிவிடுமா?

2023 ஜூன். லண்டன் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். அப்போது டெஸ்ட் பந்துவீச்சாளர் வரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை இந்தியா சேர்க்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் 209 ஓட்டங்களில் தோற்றது. மறுநாள் மாமாக் கடையில ஒரே சத்தம். "அஸ்வின உட்கார வெச்சது அநியாயம்!" நானும்தான் கத்தினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 2021 செப்டம்பரில், அதே ஓவலில், இங்கிலாந்துக்கு எதிராகவும் அஸ்வின் ஆடவில்லை. ஐந்தாம் நாள் பும்ரா பழைய பந்தை ரிவர்ஸ் ஸ்விங் செய்து போப்பையும் பேர்ஸ்டோவையும் போல்டாக்கினார். இந்தியா 157 ஓட்டங்களில் வென்றது. "ஏன் அஸ்வின் இல்லை?" என்று அதற்கு முன் கேட்ட நான், அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அப்படியானால் 2023இல் நான் அநியாயம் என்றது தேர்வையா, தோல்வியையா?

மேகமூட்டம், வேகத்துக்கு உதவும் ஆடுகளம் என்று அணிக்கும் காரணம் இருந்தது. எதிரணியில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என இடக்கை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே என்பது நம் பக்க நியாயம். இரண்டுமே டாஸுக்கு முன்பே தெரிந்தவை. வாதாட வேண்டியது அவற்றை வைத்துத்தான்.

2025 லார்ட்ஸ் டெஸ்டில் டியூக்ஸ் பந்து பத்து ஓவர் வாக்கிலேயே வடிவம் கெட்டது. மாற்றுப் பந்து பிடிக்காமல் கில் நடுவரிடம் வாதாடினார். பந்தைச் சோதிக்க நடுவரிடம் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றில் நுழைய வேண்டும், மற்றதில் நுழையக் கூடாது. அந்த வளையம் ஸ்கோரைப் பார்ப்பதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கவும் இரண்டு வளையங்கள் வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் நேர்மையானதா? விடுபட்டவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா?

இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. போன வருடம் எங்கள் புட்சால் குழுவை நான்தான் தேர்வு செய்தேன். ஒரு பயிற்சியையும் தவறவிடாத ஒரு தம்பியை விட்டுவிட்டு, எப்போதாவது தலைகாட்டும் என் நண்பனைச் சேர்த்தேன். ஜெயிச்சோம். யாரும் ஒண்ணும் கேக்கல. கிண்ணம் என் தவற்றை மறைத்துவிட்டது.

சென்ற மாதம் அவனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஜெயிச்சதால நான்தான் லாயக்கில்லன்னு நெனச்சுட்டேண்ணே" என்றான்.

தோற்றிருந்தால் அன்றே கேட்டிருப்பேனோ என்னவோ. நண்பர்களே, அடுத்த முறை பெயர்ப் பட்டியல் உங்கள் கைக்கு வந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே அந்த இரண்டு வளையங்களையும் எடுத்துவிடுங்கள்.